ஆறு கேபிள், ஓர் இடது கை

மணி பன்னிரண்டேகால். மூன்று மணிக்குப் போலீஸ் வருகிறது. அதற்குள் ஒரு பெண் திருடி இல்லை என்று நிரூபித்தாக வேண்டும். அதைச் செய்ய வேண்டிய என் மருமகளோ, ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள்.

“அத்தை, தண்ணி ஜில்லுன்னு இருக்கு.”

“ரொம்ப சந்தோஷம். சோப்பு எடுத்துத் தரட்டுமா?”

துப்பறிபவள் அவள். உதவியாளர் நான், அவளுடைய மாமியார். முப்பத்தொரு வருஷம் தையல் கடை நடத்திவிட்டு, முழங்கால் இரண்டும் என்னோடு ஒத்துழைப்பதை நிறுத்திக்கொண்ட பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தேன். கார்டில் ‘மூத்த உதவியாளர்’ என்று போடச் சொன்னேன். “இன்னொரு உதவியாளர் வரட்டும் அத்தை, அப்புறம் யார் மூத்தவங்கன்னு பார்க்கலாம்” என்றாள். இந்த வாயைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டவன் என் மகன். அனுபவிப்பது நான்.

நாங்கள் நின்றிருந்தது ஒரு சின்னப் பட்டறை. பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். தண்ணீருக்குள் வைக்கிற அல்ட்ராசோனிக் கருவிகள் செய்வது தொழில். நம் காதுக்கு எட்டாத சத்தத்தைத் தண்ணீருக்குள் அனுப்பி, அது எதில் பட்டுத் திரும்பி வருகிறது என்று பார்க்கும் சாமான். இந்த முறை அணைக்கட்டிலிருந்து கேட்டிருந்தது மீன் எண்ணும் யந்திரம். அணையை ஒட்டி, மீன்கள் ஏறிப் போவதற்காகப் படிப்படியாக ஒரு வாய்க்கால் கட்டியிருக்கிறார்கள். அதில் எத்தனை மீன் ஏறுகிறது என்று கணக்கு வேண்டுமாம். மீனுக்குப் படி கட்டிக் கொடுக்க ஆள் இருக்கிறது. என் வீட்டு மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி போட ஆள் இல்லை.

ஆறு கருவிகளைப் போன வாரம் அணையில் இறக்கினார்கள். பட்டறைத் தொட்டியில் ஆறும் பிரமாதமாக வேலை செய்தவை. அணையில் திரையைப் போட்டால் எண்ணிக்கை பூஜ்யம். கண்ணுக்கு முன்னால் மீன்கள் துள்ளிக் குதித்துப் போகின்றன, யந்திரம் சாவதானமாகப் பூஜ்யம் என்கிறது.

பட்டறை முதலாளிக்கு ஊழியர்கள் வைத்திருக்கும் பட்டப் பெயர் ‘அவசரம்’. மனிதர் அரை மணி நேரத்தில் வழக்கை முடித்துவிட்டார். கருவியில் வைக்கிற கம்பிச் சுருளுக்குக் காயில் என்று பெயர்; அதைச் சுற்றும் பெண் நல்ல காயில்களைப் போட்டிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, உதவாதவற்றை உள்ளே வைத்துவிட்டாள். ஆதாரம்? போன மாதம் போட்டிக் கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டது. அவள் போகவில்லையே என்றால், அதுதான் சந்தேகமாம்! ‘திருட்டு தொடர்பாக இவர் மீது புகார் தரப்படுகிறது, யாரும் இவரோடு பேசக் கூடாது’ என்று தட்டச்சு செய்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியும் விட்டார். இன்று மூன்று மணிக்கு அணையின் இன்ஜினியர் கடைசிச் சோதனைக்கு வருகிறார். அப்போதும் பூஜ்யம் என்றால், கூடவே வரும் போலீஸ்காரரிடம் அவளை ஒப்படைத்துவிடுவாராம்.

அந்தப் பெண்தான் தொட்டியின் மறுபக்கம் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். எல்லோருக்கும் ‘காயில் அக்கா’. நான்கு நாளாக யாரும் பேசாததால், என் மருமகள் ஒரு கேள்வி கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

“தண்ணிக்குள்ள போறதை நாங்க தலைன்னு சொல்லுவோம். மேலேருந்து கேபிள் வழியா மின்சாரம் தலைக்குப் போகணும். ஆனா கேபிளோட குணம் வேற, தலையோட குணம் வேற. இம்பீடன்ஸ்னு சொல்லுவோம். அது ஒத்துப் போகலைன்னா, அனுப்புற சக்தி உள்ளயே போகாது. வாசல் வரைக்கும் போயிட்டு அப்படியே திரும்பி வந்துடும். நடுவுல என் காயில் இருந்து ரெண்டையும் ஒத்துப் போக வைக்கும்.”

“மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல இருக்கிற மகன் மாதிரியா?” என்றேன்.

“ஆமாம்மா! அதேதான்!”

“என் மகன் அந்த வேலையைச் செய்ய மாட்டான். சூடு மட்டும் ஆவான்.”

நான்கு நாளில் முதல் தடவையாக அவள் சிரித்திருப்பாள் என்று நினைக்கிறேன். இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி தன் கண்ணாடி அறையிலிருந்து முறைத்தார்.

என் மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு நேரே அந்த அறைக்குள் போனாள். “காயிலைத் திறந்து அளந்து பார்த்தீங்களா சார்?”

“எதுக்கு அளக்கணும்? பூஜ்யம் வருதே, அது போதாதா?”

“தலையைத் தூக்கிப் பார்த்தீங்களா?”

“அதுக்கெல்லாம் நேரம் எங்கம்மா இருக்கு!”

“அப்போ அணைக்குப் போகலாம். இவங்களும் வரட்டும், இவங்க மீட்டரும் வரட்டும்.”

“திருடியை அணைக்கே கூட்டிட்டுப் போகச் சொல்றீங்களா?”

“சார், காரை எடுக்குறீங்களா, இல்ல என் ஸ்கூட்டர்ல நாலு பேரா போகலாமா? நடுவுல என் மாமியார் இருப்பாங்க.”

முதலாளி என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். உடனே கார்ச் சாவியை எடுத்தார். எனக்கு அது மரியாதையாகத் தெரியவில்லை.

*

அணைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று பத்து. மீன் வாய்க்காலுக்கு மேலே இரும்பு நடைபாதை. அதன் நடுவில் மஞ்சள் பெட்டி. பெட்டிக்குள் ஆறு தகர டப்பாக்கள், ஒரு திரை. ஆறு கறுப்புக் கேபிள்கள் தண்ணீரிலிருந்து மேலேறி, ஆளுக்கொரு டப்பாவில் போய்ச் செருகிக்கொண்டிருந்தன. கீழே தண்ணீரில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன.

“யாரது குமிழி விடுறது?” என்று கேட்டேன்.

“என் வீட்டுக்காரர்” என்றாள் காயில் அக்கா. “சோதனைக்கு முன்னாடி தலையெல்லாம் துடைக்கிறார்.”

அவர் எங்களுக்குத் தெரிந்தவர்தான். இந்த அணையில் முக்குளிப்பதுதான் அவர் வேலை. தலைகளை இறக்கி மாட்டியதும் அவரே. முந்தாநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, “என் பொண்டாட்டி ஒரு குண்டூசி கூட எடுக்க மாட்டா” என்று குலுங்கிக் குலுங்கி அழுது, எங்களை இந்த வழக்கில் இழுத்துவிட்ட புண்ணியவானும் அவரே. ஆள் ஆறடி. அழுது முடிக்க அரை மணி நேரம் ஆனது.

காயில் அக்கா, தன் காயில்கள் இருந்த டப்பாக்களைத் திறந்து மீட்டரை வைத்தாள். ஒன்று, சரி. இரண்டு, சரி. ஆறும் பட்டறைப் பதிவேட்டில் எழுதியிருந்தபடி அச்சு அசலாக இருந்தன.

“காயில் மாறலை” என்றாள் என் மருமகள்.

“அப்போ தலையை மாத்தியிருப்பா!” என்றார் முதலாளி, ஒரு விநாடி கூடத் தயங்காமல்.

“தலையில பட்டறை நம்பர் இருக்கா?”

நடைபாதையில் குப்புறப் படுத்து, என் மருமகள் தண்ணீருக்கு மேல் கையை ஆட்டினாள். முக்குளிப்பவர் தலையை நீட்டி, வாயிலிருந்த குழாயை எடுத்து, ஆறு எண்களையும் ஒப்பித்துவிட்டு, மனைவிக்கு ஒரு கையசைப்பும் கொடுத்துவிட்டு மறுபடி மூழ்கினார். ஆறும் பதிவேட்டில் இருந்த அதே எண்கள்.

தலை சரி. காயில் சரி. யந்திரம் மட்டும் பூஜ்யம். என் மருமகள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எனக்குக் கால் வலித்தது. கால் வலித்தால் நான் குறை சொல்வேன், அது என் வழக்கம். குறை சொல்லத்தான் அங்கே ஒன்றுமே அகப்படவில்லை.

“இவ்வளவு ஒழுங்காவா ஒயர் போடுவாங்க?” என்றேன் எரிச்சலோடு. “என் வீட்ல டிவி பின்னாடி பாரு, பாம்புப் பண்ணை மாதிரி இருக்கு. இங்க ஆறு ஒயரும் நூல் பிடிச்ச மாதிரி நேரா வருது, ஒரு இஞ்ச் கூட மிச்சமில்லாம!”

என் மருமகள் சட்டென்று நின்றாள். “அத்தை, இன்னொரு தடவை சொல்லுங்க.”

“டிவி பின்னாடியா?”

“மிச்சமில்லாம!” அவள் காயில் அக்காவின் தோளைப் பிடித்தாள். “தொட்டியில நீங்க சரி பார்த்தப்போ கேபிள் எவ்வளவு நீளம்?”

“முப்பது மீட்டர். தொட்டிக்குப் பக்கத்துல பெரிய வளையமா கிடக்கும். தலையிலருந்து மீட்டருக்கு மீட்டர் வெள்ளை நம்பர் போட்டிருப்போம்.”

டப்பாவில் செருகும் இடத்தில் இருந்த வெள்ளை எண்ணை என் மருமகள் விரலால் துடைத்தாள். பன்னிரண்டு. பக்கத்துக் கேபிளிலும் பன்னிரண்டு. ஆறிலும் பன்னிரண்டு.

“ஐயய்யோ!” என்று காயில் அக்கா போட்ட கூச்சலில் இரண்டு மீன்கள் வந்த வழியே திரும்பிப் போய்விட்டன. “வெட்டியிருக்காங்க! பதினெட்டு மீட்டரை வெட்டி எறிஞ்சிருக்காங்க!”

“கேபிள்தானேம்மா” என்றார் முதலாளி. “குட்டையா இருந்தா நல்லதுதானே?”

“என்ன சார் நீங்க! நான் தலை, கேபிள், காயில் மூணையும் சேர்த்துல்ல ட்யூன் பண்றேன்! ஒவ்வொரு மீட்டர் கேபிளும் தன் பங்குக்குக் கொஞ்சம் மின்சாரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். முப்பது மீட்டர் எவ்வளவு பிடிக்குமோ, அதுக்கு ஏத்த மாதிரி சுத்தின காயில் இது. பன்னிரண்டு மீட்டர்ல எல்லாமே தப்பாப் போயிடும். சக்தி தலைக்குப் போகவே போகாது!”

எனக்கு உடனே புரிந்தது. ஒருவருக்கு அளவெடுத்துச் சட்டை தைத்தாகிவிட்டது. கொடுக்கப் போகும்போது ஆளை வெட்டிக் குட்டையாக்கிவிட்டு, சட்டை சரியில்லை என்று தையல்காரியைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த முதலாளியின் சட்டையை அங்கேயே அளவெடுத்திருப்பேன்.

“வெட்டினது யாருன்னு கண்டுபிடிச்சுட்டா முடிஞ்சுது” என்ற என் மருமகள், முதல் கேபிளின் பிளக்கைத் திருகிப் பிரித்தாள்.

உள்ளே, நடுக் கம்பியை ஊசியில் ஒன்றரைச் சுற்று சுற்றிப் பற்றவைத்திருந்தது. சுத்தமான வேலை. பளபளவென்று ஒரே ஒரு சொட்டு ஈயம். காயில் அக்கா அதை எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது.

முதலாளியும் பார்த்தார். அவசரக்காரர்தான், ஆனால் தொழில் தெரியாதவர் இல்லை. “இடப்பக்கமா சுத்தியிருக்கு! ஒன்றரைச் சுத்து! பட்டறையில எல்லாரும் வலப்பக்கம்தான் சுத்துவாங்க. இடது கைக்காரி ஒருத்திதான் இருக்கா. இவ சுத்துறதை எந்த இருட்டுலயும் கண்டுபிடிப்பேன். இவளே வெட்டி, இவளே ஒட்டியிருக்கா!”

மீதி ஐந்தையும் பிரித்தோம். ஐந்திலும் இடப்பக்கம், ஒன்றரைச் சுற்று.

இதுதான் எங்கள் தொழிலில் எனக்குப் பிடிக்காத கட்டம். ஒருத்தியைக் காப்பாற்றத்தான் கிளம்பினோம், நாங்களே தேடி எடுத்த சாட்சி அவள் கழுத்தையே பிடித்தது. காயில் அக்கா பெட்டியில் சாய்ந்து நின்றாள். “நான் இந்த அணைக்கு வர்றதே இன்னைக்குத்தாம்மா முதல் தடவை” என்றாள் மெதுவாக. “என் மாமியாருக்கு இன்னும் விஷயமே தெரியாது. போலீஸ் வீட்டுக்கு வந்தா அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

அழுகை வந்தால் நான் எதையாவது கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பிரித்துப் போட்டிருந்த ஒரு கேபிள் முனையை எடுத்துத் திருப்பினேன். வெட்டிய இடத்தில் உறை பிரியாமலிருக்க நூலால் கட்டியிருந்தது. நெருக்கமாக, அழகாகப் பன்னிரண்டு சுற்று. நகத்தால் சுரண்டினேன். மெழுகு வந்தது.

“ஏம்மா, உங்க பட்டறையில கேபிள் முனைக்கு நூல் சுத்துவீங்களா?”

“இல்லம்மா. ரப்பர் குழாய் போட்டுச் சூடு காட்டுவோம். நூலே கிடையாது.”

“இது மெழுகு நூல். துணி தைக்கிற நூலும் இல்ல. கயிறு முனை பிரியாம இருக்கக் கட்டுற நூல்.” விரலால் சுற்றின் வழியே போனேன். முப்பத்தொரு வருஷம் நூலோடு குடித்தனம் நடத்தியவள் நான். பொத்தான் கட்டியிருப்பதைப் பார்த்தே கட்டியவள் எந்தக் கை என்று சொல்வேன். “இது வலது கை.”

என் மருமகள் என் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். ஈயத்தைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள், மறுபடி ஈயத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. அந்தச் சிரிப்பு வந்தால் யாரோ ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம்.

“சார், ஒரே ஆளு பற்றவைக்கும்போது இடது கைக்காரன், நூல் சுத்தும்போது வலது கைக்காரன். எப்படி?”

“ரெண்டு ஆளா இருக்கும்” என்றார் முதலாளி.

“ஒரு ஆள்தான். நூல் கட்டுறது அவனோட சொந்தப் பழக்கம், அதனால வலது கை. பற்றவைக்கிறதை ஒரு இடது கைக்காரிகிட்டக் கத்துக்கிட்டிருக்கான். அவங்க எப்படிச் சுத்தினாங்களோ அப்படியே சுத்துறான்.” அவள் திரும்பினாள். “அக்கா, உங்ககிட்ட சால்டரிங் கத்துக்கிட்டவங்க எத்தனை பேரு?”

“யாரும் இல்லையே. பட்டறையில எல்லாரும் எனக்கு முன்னாடியே வந்தவங்க. நான் கத்துக் கொடுத்தது ஒரே ஒருத்தருக்குத்தான், அதுவும் கல்யாணத்துக்கு முன்னாடி, அவரோட ரேடியோ ரிப்பேர்னு சும்மா சும்மா வந்து...”

அவள் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

சரியாக அந்த நேரத்தில் நடைபாதை ஏணியில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஆறடி மனிதர் ஏறி வந்தார். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார். “எல்லாத் தலையும் பளிச்சுன்னு துடைச்சுட்டேன். என்ன ஆச்சு, எல்லாரும் என்னையே பார்க்குறீங்க?”

“கேபிளை வெட்டினது நீங்களா?” என்றாள் என் மருமகள்.

“ஆமா” என்றார் பெருமையாக. “நல்லா வெட்டியிருக்கேன்ல?”

முதலாளி நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எங்களைத் தேடி வந்து, அழுது, குற்றவாளியைக் கண்டுபிடிக்கச் சொன்ன ஆளே குற்றவாளி! அது அவருக்கே தெரியாது என்பதுதான் கூத்து.

“முந்தாநாளே இதை ஏன் எங்ககிட்டச் சொல்லலை?” என்று கத்தினேன்.

“நீங்க காயிலைப் பத்திக் கேட்டீங்க, தலையைப் பத்திக் கேட்டீங்க. கேபிளைப் பத்தி யாரு கேட்டீங்க?” அவர் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. “பதினெட்டு மீட்டர் தண்ணிக்குள்ள வளையம் வளையமா தொங்கிட்டிருந்துச்சும்மா. எங்க வேலையில தொங்கல் ஒண்ணும் விடக் கூடாது. காலை மாட்டினா அவ்வளவுதான், மேல வர முடியாது. என் கூட்டாளி ஒருத்தன் அப்படி மாட்டி நான் அறுத்து எடுத்திருக்கேன். அதான் பிளக்கைக் கழட்டி, மிச்சத்தை வெட்டி, திரும்பப் பொருத்தினேன். என் பொண்டாட்டி வேலை நறுக்குன்னு இருக்கட்டும்னு முனைக்கு நூலும் கட்டினேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!” என்றாள் காயில் அக்கா.

“நீதானே வீட்ல வேலைப் பேச்சு பேசக் கூடாதுன்னு சொன்னே? எட்டு வருஷமா பேசாம இருக்கேன்!”

“நீங்க சாப்பிடும்போதெல்லாம் தண்ணிக்குள்ள என்னென்ன மிதக்குதுன்னு சொன்னா வேற என்ன சொல்றது?”

“சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்” என்று என் மருமகள் நடுவில் புகுந்தாள். “மணி ஒன்னு அம்பது. வெட்டின துண்டெல்லாம் எங்க?”

அவர் தலையைச் சொறிந்தார். “நல்ல கேபிளாச்சே, தூக்கிப் போட மனசு வரலை. படகுக் கொட்டகையில அஞ்சு துண்டு இருக்கு. டைவிங் உடுப்பு காயப் போடக் கட்டியிருக்கேன். ஒண்ணு டீக்கடைக்காரம்மா பந்தல் கட்டக் கேட்டாங்க, கொடுத்துட்டேன்.”

“அத்தை, டீக்கடை உங்களுது!” என்று சொல்லிவிட்டு என் மருமகள் அவரையும் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

எனக்கு எப்போதும் கிடைப்பது இப்படித்தான். அணை வாசலில் இருந்த டீக்கடையில் அந்தக் கேபிள், பச்சைத் துணிப் பந்தலை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “அவிழ்த்தா பந்தல் விழுந்துடும். வெயில்ல நிக்கிற ஆளுங்க உங்க வீட்டுக்கா டீ குடிக்க வருவாங்க?” நியாயமான கேள்வி. பையைத் துழாவினேன். பழைய இஞ்ச் டேப் நான்கு இருந்தது. தையல் கடையை மூடியும் அதை நான் விடவில்லை. நான்கையும் முடிச்சுப் போட்டு, பந்தலை அதில் இழுத்துக் கட்டினேன். கட்டியதைக் கடைக்காரம்மா ஆட்டிப் பார்த்தாள், திருப்தியாகி எனக்கு ஒரு டீ கூடக் கொடுத்தாள். குடித்துவிட்டுத்தான் வந்தேன். அவசரத்துக்குப் பட்டம் வாங்க அங்கே வேறு ஆள் இருக்கிறார்.

நான் கேபிளோடு திரும்பியபோது புருஷனும் பெண்டாட்டியும் நடைபாதையில் சம்மணம் போட்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் சீவிக் கொடுக்க, அவள் பற்றவைத்தாள். வாய் மட்டும் ஓயவில்லை.

“மறுபடி தண்ணிக்குள்ள தொங்க விட்டா நான் அறுப்பேன், சொல்லிட்டேன்.”

“யாரு தண்ணியில விடச் சொன்னது? மேலயே ஒரு வாளியில சுத்தி வச்சுக்கலாம். மொத்த நீளம் முப்பது இருந்தா எனக்குப் போதும்.”

“வாளியில வச்சா போதுமா? இதை அப்பவே சொல்லியிருந்தா நானே வாளி வாங்கிட்டு வந்திருப்பேனே!”

எட்டு வருஷப் பேச்சு நாற்பது நிமிஷத்தில் நடந்தது. முதலாளி ஆறு வாளிகளைப் படகுக் கொட்டகையிலிருந்து தூக்கி வந்தார். அவரைத் தூக்க வைத்தது நான்.

*

மூன்று மணிக்கு இன்ஜினியர் வந்தார். வெயிலுக்குத் தொப்பி போட்ட பெரிய மனிதர். பின்னாலேயே ஒரு போலீஸ்காரர் நோட்டும் பேனாவுமாக. “திருட்டுக் கேஸ் எங்க?” என்றார் போலீஸ்காரர்.

“மீன் ஏறட்டும், அப்புறம் சொல்றோம்” என்றேன்.

வாய்க்காலின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. இன்ஜினியர் அதன் முன் முக்காலி போட்டு உட்கார்ந்து, கையில் ஒரு எண்ணும் பொத்தானை வைத்துக்கொண்டார். ஐந்து நிமிஷம். அவர் கண்ணால் எண்ணுவார், யந்திரம் தன் பாட்டுக்கு எண்ண வேண்டும். காயில் அக்கா திரையைப் பார்க்க மாட்டேன் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் கை என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் மோதிர விரல் மரத்துப் போனது.

முதல் மீன் ஏறியது. திரையில் பூஜ்யம்.

முதலாளி பெருமூச்சு விட்டார். என் மருமகள் உதட்டைக் கடித்தாள். முக்குளிப்பவர் வாளிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் திரை ஒரு தடவை கண் சிமிட்டி, அந்த முதல் மீனைத் தாமதமாகக் காட்டியது. 1. அடுத்து 2, 3. பிறகு கூட்டமாக ஏற ஆரம்பித்தன. 9, 14, 22! போலீஸ்காரர் நோட்டை மூடிவிட்டு, “அதோ பெருசு, அதோ பெருசு!” என்று கத்தினார். நானும் கத்தினேன். என் வயசுக்கு அங்கே குதித்திருக்கக் கூடாது, குதித்தேன்.

ஐந்து நிமிஷம் முடிந்தது. இன்ஜினியர் கையில் அறுபத்து மூன்று. யந்திரத்தில் அறுபத்து நான்கு.

“ஒண்ணு கூடுதலாக் காட்டுதே” என்றார் முதலாளி, அவசரமாக.

இன்ஜினியர் தொப்பியைக் கழற்றி யோசித்தார். “நடுவுல ஒரு தடவை நான் தும்மினேன். அப்போ ஒண்ணு போயிருக்கும். யந்திரம் சொல்றதுதான் சரி.” பிறகு கேட்டார்: “இந்தக் காயில் யாரு சுத்தினது? அடுத்த பன்னிரண்டும் அதே கைதான் சுத்தணும்.”

முதலாளி தன் பையிலிருந்த புகாரை எடுத்துக் கிழிக்கப் போனார். காயில் அக்கா அவர் கையைப் பிடித்தாள்.

“கிழிக்காதீங்க சார். திருடின்னு எல்லாரும் படிக்கிற மாதிரி ஒட்டினீங்கல்ல? நான் திருடலைன்னும் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுங்க. இப்பவே எழுதுங்க, என் எதிர்ல.”

சொல்லி முடித்தும் அவர் கையை விடவில்லை. முதலாளி போலீஸ்காரரின் பேனாவைக் கடன் வாங்கி, மஞ்சள் பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார். ‘இவர் எதையும் திருடவில்லை. விசாரிக்காமல் நான் அவசரப்பட்டுவிட்டேன்.’ வாழ்க்கையில் முதல் தடவையாக மனிதர் நிதானமாக ஒரு வேலையைச் செய்தார். காயில் அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு போனை எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, மாமியாரைக் கூப்பிட்டாள். நான்கு நாளாகச் சொல்லாத எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.



“நீ திருடினேன்னு ஒருத்தன் சொன்னானா?” என்றது ஒரு கணீர்க் குரல். “அவன்கிட்ட போனைக் குடு.”

முதலாளி போனை வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நேராக நின்றார். “ஆமாங்கம்மா... தப்புதாங்கம்மா... இல்லங்கம்மா, இனிமே மாட்டேன்.” நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஏம்மா, என்கிட்ட முதல் நாளே சொல்ல வேண்டாமா?” என்றது குரல், இப்போது தணிந்து. “நீ தப்பு பண்ண மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? பொருள் வெட்டிக் கிடக்குன்னா, வெட்டினது என் பையன்தான்.”

என் மருமகள் போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். “எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?”

“இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? எது தொங்கினாலும் வெட்டுவான். ஜன்னல் திரைக் கயிறு, என் மூக்குக் கண்ணாடிக் கயிறு, இஸ்திரிப் பெட்டி ஒயர், ஒண்ணு விட மாட்டான். நேத்துகூட என் சால்வைக் குஞ்சத்தைக் காணோம்.”

ஆறடி மனிதர் மெதுவாக ஏணிப் பக்கம் நகர்ந்தார். என் மருமகள் என்னைப் பார்த்தாள். ஒரு போன் போட்டிருந்தால் முந்தாநாளே முடிந்திருக்க வேண்டிய கேஸ். மாமியாரைக் கேட்க வேண்டும் என்று இவளுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? வெட்கமாகப் போய்விட்டது.

“நேரத்தோட வீட்டுக்கு வா, சரியா?” என்றது குரல். “அவனையும் கூட்டிட்டு வா. கத்திரிக்கோல் எல்லாத்தையும் எடுத்து என் தலையணைக்குக் கீழ வச்சுட்டேன்.”

“சரி அத்தை” என்றாள் காயில் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்ததும், நான்கு நாள் அழுகையும் சேர்ந்து வர, அந்த இரும்பு நடைபாதையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். காகிதம் நனையாமல் இடது கையில் உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள்.